ஏரிக்குள் மரம் வேண்டாம். சாக்கடை இறங்கும் வாயில் கோரை வையுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் பெருமக்களுக்கு வணக்கம்.

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது பாலாறும் மூன்று அலுவலகங்களுக்குப் பங்காகிவிட்டது. ஆம்பூர்ப் பக்கம் ஆற்றில் விடும் கழிவு கீழே வேலூரை நோக்கி வருகிறது. வேலூரின் நிக்கல்சன் கால்வாயில் ஓடும் சாக்கடை ஆற்றில் இறங்கி ராணிப்பேட்டைப் பக்கம் போகிறது. மனுவை எடுத்துக்கொண்டு போனால் "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். அதனால்தான் ஒரே மடல்.

நான் குடியாத்தம் வட்டத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி விவசாயம் செய்பவன். செடிகளையும் ஈரநிலங்களையும் கொண்டு கழிவுநீரைத் திருத்துவது, காற்றிலுள்ள கரியமில வாயுவை மண்ணில் பிடித்துவைப்பது என்ற பேச்சு இப்போது அரசுத் திட்டங்களில் நிறையவே அடிபடுகிறது. நல்ல பேச்சுதான். தமிழ்நாடு ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களை மீட்பதாகச் சொல்லியிருக்கிறது. பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. இரண்டையும் நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்தச் செடி எந்த அழுக்கை எடுக்கும், எதை எடுக்காது என்று பிரித்துப் பார்க்காமல் வடாற்காட்டில் இதைச் செய்தால் பலன் வராது, கெடுதலும் வரலாம். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ச் சாக்கடை ஏரியில் கலக்கும் இடத்தில் கோரையும் சம்பும் நாணலும் வளர்த்து அந்தத் தண்ணீரைத் திருத்துங்கள். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவை அந்தச் செடிகளின் தலையில் கட்டாதீர்கள். அதை ஆலைக்குள்ளேயே நிறுத்துங்கள். ஏரியின் உட்பரப்பில் மரம் நட்டு அதைக் கார்பன் கணக்கில் எழுதாதீர்கள்.

சாக்கடை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மால் உடனே முடியக்கூடியது அதுதான்.

எங்கள் ஏரிக்கு ஊர்ப் பக்கமிருந்து ஒரு வரத்துக்கால்வாய் வருகிறது. ஒரு காலத்தில் மழைத்தண்ணீர் மட்டும் வந்த கால்வாய். இப்போது ஆண்டு முழுவதும் குளியலறைத் தண்ணீரும் கழிப்பறைத் தொட்டிகளின் வழிசலும் அதில் ஓடுகின்றன. அது ஏரியைத் தொடும் இடத்தில் யாரும் நடாமலே சம்பு ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. கால்வாய்ப் பக்கம் தண்ணீர் சாம்பல் நிறம், அழுகிய முட்டை நாற்றம், மேலே எண்ணெய்ப் படலம். சம்புப் புதரைத் தாண்டி மறுபக்கம் வரும் தண்ணீரில் அடிமண் தெரிகிறது, தலைப்பிரட்டை நீந்துகிறது, நாற்றம் இல்லை. குடிக்கும் தண்ணீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் வயலுக்குப் பாய்ச்சலாம் என்று கண்ணுக்கும் மூக்குக்கும் தோன்றும் தண்ணீர்.

ஒரு சம்பை அடியோடு பிடுங்கிப் பாருங்கள், காரணம் கையிலேயே கிடைக்கும். அடித்தண்டைக் குறுக்காக நறுக்கினால் உள்ளே தேனடை போலக் காற்றறைகள் வரிசையாக இருக்கின்றன. இலை வழியாக உள்ளே வரும் காற்று அந்த அறைகள் வழியே வேர்வரை இறங்குகிறது. சுற்றியுள்ள சேறு கன்னங்கரேல் என்று இருக்கும். வேரை ஒட்டிய இடம் மட்டும் துருப்பிடித்தது போலச் சிவந்திருக்கும். வேரிலிருந்து கசிந்த ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பை உண்மையாகவே துருவாக்கியதால் வந்த சிவப்பு அது. அந்தச் சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் மெல்லிய ஓரத்தில்தான் வேலை நடக்கிறது. ஆக்சிஜன் உள்ள பக்கம் ஒரு வகை நுண்ணுயிர்கள் சாக்கடையின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. ஆக்சிஜன் இல்லாத பக்கம் வேறு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. செடி தானாக உறிஞ்சுவது கொஞ்சம்தான். வேரடியில் குடியிருக்கும் உயிர்களுக்கு இடமும் காற்றும் கொடுப்பது அதன் பெரிய உதவி.

இதைப் பார்த்துத்தான் 1950களில் ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற அம்மையார் நாணலையும் கோரையையும் வைத்துக் கழிவுநீரைத் திருத்தும் சோதனைகளைத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் சிற்றூர்களில் இந்த முறை இருக்கிறது. தொலைவு போகவும் வேண்டாம், புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் ஆரோவில்லிலும் இந்த வகைச் சுத்திகரிப்பு நடக்கிறது. கொல்கத்தாவின் கிழக்குப் பக்கம் 12,500 ஹெக்டேர் ஈரநிலம் அந்த மாநகரத்தின் சாக்கடையை மீன் குட்டைகள் வழியே தெளியவைத்து, மீனும் காய்கறியுமாகத் திருப்பித் தருகிறது. அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்துவந்தவர்கள் மீனவர்களும் விவசாயிகளும். அவர்களிடமிருந்து கற்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் பொறியாளர் துருவஜோதி கோஷ். 2002-இல் அது ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகப் பட்டியலில் சேர்ந்தது.

நம் ஊருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் வெப்பத்தில் ஓர் ஆளின் கழிவுநீருக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் பாத்தி போதும். குளிர்நாடுகளில் இதைவிடப் பல மடங்கு வேண்டும். வேலூர் வெயில் நமக்குச் செய்யும் அபூர்வமான உதவிகளில் இது ஒன்று. 5,000 பேர் வாழும் ஊராட்சி என்றால் அதிகபட்சம் ஒரு ஹெக்டேர், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். முதலில் கசடு படிய ஒரு தொட்டி. அதன்பின் இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பிய பாத்தி, அதன்மேல் செடி. தண்ணீர் ஜல்லிக்கு அடியிலேயே ஊர்ந்து போகும் என்பதால் கொசு முட்டையிட மேலே தண்ணீர் நிற்காது. சரிவு சரியாக அமைந்தால் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஜல்லிக்கு வடாற்காட்டில் பஞ்சமில்லை. சம்பு, நாணல், கோரை, கல்வாழை, வெட்டிவேர் எல்லாம் நம் ஏரிக்கரையிலும் வீட்டுத் தோட்டத்திலும் இருப்பவை.

பராமரிப்புதான் இந்த முறையின் உயிர். சம்பையும் கோரையையும் காலத்தில் அறுத்து வெளியே எடுக்காவிட்டால் அவை அங்கேயே மடிந்து அழுகி, எடுத்துக்கொண்ட சத்தையெல்லாம் தண்ணீரிலேயே திருப்பிவிடும். ஆகாயத்தாமரையைப் பொக்லைன் வைத்து வாரிக் கரைமேல் கொட்டுகிறோமே, அடுத்த மழையில் பாதி மறுபடியும் ஏரிக்குள் சரிந்துவிடுகிறது. அப்படி இதுவும் ஆகிவிடக் கூடாது. கட்டுமானத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டு அறுவடைக்கு ஒதுக்காத திட்டத்தை நீங்கள் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப வேண்டும். அறுத்த கோரைக்கு வழி இல்லாமலும் இல்லை. பழைய வடாற்காட்டின் வந்தவாசி கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் பாத்தியில் விளைந்த கோரை பாய்க்குப் போகலாம், சம்பு மட்கி உரமாகலாம். ஊரக வேலைத் திட்டத்துப் பெண்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் வேலையாகும்.

இனி தோல் கழிவு. இங்கே நான் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நம் ஊர் வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக்கியது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பிலேயே தோல் கழிவால் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அதன்பின் அமைத்த ஆணையம் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டது 29,000-க்கும் மேற்பட்டோரை. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதே நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, நிலுவை இழப்பீட்டைக் கொடுக்கவும், நிலைமையைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டிவந்தது. இடையில் ஏறத்தாழ ஒரு தலைமுறை போய்விட்டது. மழைக்காலத்தில் ஆம்பூர் அருகே மாராப்பட்டுப் பாலத்தடியில் பாலாறு வெள்ளை நுரை பொங்க ஓடுவதைச் செய்தித்தாளில் பார்க்காத ஆண்டு உண்டா?

அந்தத் தண்ணீரில் இருப்பது வேறு சரக்கு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டுக் கொண்டுவருகிறார்கள்; ஊறவைக்கும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் இறங்குகிறது. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று காற்றில் விட முடியாது. உமரி போன்ற உவர்நிலச் செடிகள் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் தொழிற்சாலை அளவில் வரும் உப்புக்கு அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இன்னொன்றும் இருக்கிறது: செடி தண்ணீரைக் குடித்து ஆவியாக்கும், உப்பை விட்டுவிடும். வேலூர்க் கோடையில் இந்தத் தண்ணீரை நாணல் பாத்தியில் விட்டால் மறுமுனையில் வெளிவருவது முன்னைவிட உப்பான தண்ணீராகத்தான் இருக்கும். ஊறல் தண்ணீரைத் தனியே பிரித்து ஆவியாக்கும் பாத்திகளும், சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பும்தான் அதற்கு வழி. அவை ஒழுங்காக ஓட வேண்டும், இரவிலும் மழையிலும் ஓட வேண்டும். "எங்கள் ஆலைக்குப் பின்னால் பசுமை வளையம் வைத்திருக்கிறோம், ஈரநிலம் அமைத்திருக்கிறோம்" என்று யாராவது கோப்பை நீட்டினால், உப்பும், தோல் பதனிடப் பயன்படுத்தும் உலோகமான குரோமியமும் எங்கே போகின்றன என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

குரோமியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் மலையாகக் கிடக்கிறது. அதில் ஆறாம் நிலைக் குரோமியம் இருக்கிறது. தண்ணீரில் எளிதில் கரையும், நிலத்தடியில் நகரும், புற்றுநோயை உண்டாக்கும். மழை பெய்தால் மஞ்சளாகக் கசிகிறது. செடி நட்டு இந்த மலையைக் கரைத்துவிடலாம் என்று நினைப்பது வீண். குரோமியத்தை எடுக்கும் செடிகள்கூட அதைப் பெரும்பாலும் வேரிலேயே அடக்கிக்கொள்கின்றன, தண்டுக்கும் இலைக்கும் ஏற்றுவது சொற்பம். அறுத்தெடுத்து நிலத்தைச் சுத்தம் செய்வது தலைமுறைகள் கடந்தாலும் முடியாது.

ஆனாலும் செடிக்கு அங்கே ஒரு வேலை உண்டு, அதைச் சரியாகக் கேட்க வேண்டும். காற்றுப் புகாத, மட்கு நிறைந்த சேற்றில் ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்குகிறது. அது கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குவியலை முறையாக அகற்றிப் பூட்டிய பிறகு, கசிவு போகும் பாதையில் சேறும் வேரும் உள்ள ஈரநிலப் பட்டை ஒன்று இரண்டாம் காவலாக நிற்கலாம். மேல்மண் புழுதியாகப் பறக்காமல் புல் மூடலாம். அங்கே வளரும் எதையும் ஆடு மேயக் கூடாது, எவரும் விறகுக்கு வெட்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் பக்கம் வேலிக்காத்தான் எங்கே வளர்ந்தாலும் வெட்டிக் கரிமூட்டம் போட்டுவிடுகிறார்கள். எரிக்கும்போது உலோகம் சாம்பலில் சேர்ந்து செறியும். மூன்றாம் நிலைக் குரோமியம் ஆறாம் நிலைக்குத் திரும்பவும் கூடும். 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து பத்துப் பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். சேர்த்துவைத்த கசடு என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அடுத்து கார்பன். உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடே உள்ள கரிச்சதுப்பு நிலங்கள், உலகத்துக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனை மண்ணில் வைத்திருக்கின்றன. எப்போதும் நீர் நிற்பதால் விழுந்த இலை மட்காமல் அடுக்கடுக்காகப் படிகிறது. நம் ஏரிகள் அந்த வகை அல்ல. மாசி, பங்குனியில் வற்றி, சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் ஏரி, காற்றுப் பட்டதும் படிந்ததில் ஒரு பங்கை மறுபடியும் கரியமில வாயுவாக விட்டுவிடும். ஆகவே கரிச்சதுப்பு நிலங்களின் கணக்கை எடுத்து வேலூர் ஏரிக்குப் பெருக்கிப் போடுவது நேர்மையல்ல.

நமக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சாக்கடை தேங்கிய ஏரியில் கோடையில் கொப்புளம் கொப்புளமாக வருவதில் மீத்தேன் இருக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். சாக்கடை ஏரிக்குப் போகும் முன்பே வேர்ப்பாத்தியில் திருந்திவிட்டால் அந்த மீத்தேன் வெகுவாகக் குறையும். பாத்தியிலிருந்தும் கொஞ்சம் வரத்தான் செய்யும், மறைக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் காற்றூதி ஓடும் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரம் மிச்சமாகும். ஏரி வண்டல் வயலுக்குப் போனால் மண்ணில் கார்பன் கூடும். ஆனால் வண்டல் எடுக்க அனுமதி கொடுக்கும் முன் ஒவ்வோர் ஏரியிலும் குரோமியச் சோதனை நடக்க வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து ஏரிகளில் இதைச் செய்யாமல் வண்டல் கொடுப்பது விஷத்தை வீடு வீடாக விநியோகிப்பதாகும்.

ஏரிக்குள் மரம் நடுவதை நான் எதிர்ப்பதற்கும் காரணம் உண்டு. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளின் உட்பரப்பில் கருவேலம் நட்டார்கள். பறவைகளுக்கு உதவிய இடங்கள் உண்டு, ஏலத்தில் ஊராட்சிக்கு வருமானமும் வந்தது. மறுக்கவில்லை. ஆனால் மரம் நின்ற ஏரியில் தூர் வார முடியவில்லை, கொள்ளளவு குறைந்தது, விட்ட இடத்தையெல்லாம் வேலிக்காத்தான் பிடித்துக்கொண்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் புரண்டு, ஏரிகள் வரிசையாக நிரம்பி வழிந்து கோடி போனதே, அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் பிடித்துவைக்க நமக்குத் தேவைப்பட்டது ஏரிக்குள் இடம்தான். மரத்தைக் கரையின் வெளிப்புறத்திலும் சாலையோரத்திலும் மலையடிவாரத்திலும் நடுங்கள். பனையை நடுங்கள், புங்கனை நடுங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தைத் தண்ணீருக்கு விடுங்கள். ஆற்றில் கழிவு விடும் ஆலை ஏரிக்கரையில் கன்று நட்டு, கரியமில வாயுவைப் பிடித்ததாகக் கணக்குக் காட்டிக் கார்பன் மதிப்பெண் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எந்தப் பெயரில் வந்தாலும் அதற்கு உடன்படாதீர்கள்.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதையும் உங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரியும் வேலூரைச் சுற்றியுள்ள சங்கிலி ஏரிகளும் மனிதர் கட்டியவைதானே. தமிழ்நாட்டின் 20 ராம்சார் தலங்களில் பழைய வடாற்காட்டில் ஒன்றுகூட இல்லை. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பைத்தான் பார்க்கிறது, சாக்கடையைப் பார்க்கவில்லை. ஏரிப் பாசனத்தால் வாழும் இந்தப் பகுதிக்காக மாநில ஈரநில ஆணையத்துக்கு நீங்கள் மூவரும் சேர்ந்து எழுதினால் அந்தக் கடிதத்துக்குத் தனி எடை இருக்கும்.

உடனடியாகச் செய்யக் கேட்பது பெரிய காரியம் அல்ல. மூன்று மாவட்டத்திலும் ஒவ்வோர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். தோல் கழிவு தொடாத, வீட்டுச் சாக்கடை மட்டும் வருகிற ஏரியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே தோற்றுப்போய், இந்த முறையே பயன்படாது என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். சாக்கடை வந்து விழும் வாயில் பாத்தி அமையுங்கள். நுழையும் தண்ணீரையும் வெளிவரும் தண்ணீரையும் மாதந்தோறும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதிவையுங்கள். நீர்வளம், ஊரக வளர்ச்சி, மாசுக் கட்டுப்பாடு, வனம் ஆகிய நான்கு துறைகளும் அவரவர் கோப்போடு தனித்தனியே வராமல், ஆயக்கட்டு விவசாயிகள் அமர்ந்திருக்கும் ஒரே கூட்டத்துக்கு வரட்டும். உச்ச நீதிமன்றம் கேட்ட கண்காணிப்புக் குழுவுக்கும் அந்தச் சோதனை முடிவுகள் போகட்டும்.

கோடையில் ஏரி வற்றியிருக்கும்போதே பாத்தி வேலையை முடித்தாக வேண்டும், ஆடிக்கு முன் செடி வேர்பிடித்தால்தான் ஐப்பசி மழைத்தண்ணீரின் வேகத்தைத் தாங்கும். எங்கள் ஏரியைத் தேர்ந்தெடுத்தால் சம்பு நாற்றை நாங்களே பிடுங்கித் தருகிறோம். கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்